ஊருக்கு ஓர் அம்புலன்ஸ்: கொழும்பிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

புறக்கோட்டைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்து வேலைத்தலங்களிலும் உழைக்கிற மலையகப் பிள்ளைகள் ஊருக்காகப் பணம் சேர்ப்பது புதிதல்ல. கோயில் தேருக்குச் சேர்த்திருக்கிறோம், பாடசாலைக்குச் சேர்த்திருக்கிறோம், மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குச் சேர்த்திருக்கிறோம். அந்த வரிசையில் "தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்போம்" என்று ஒரு சங்கம் முடிவெடுத்தால் அதை மனமார வரவேற்கிறேன். தேருக்கான பொறுப்பு வெள்ளோட்டத்தோடு பெருமளவு முடிந்துவிடும். அம்புலன்ஸின் பொறுப்பு வண்டி வாங்கிய அன்றுதான் தொடங்குகிறது.

ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் வண்டி பார்க்கப் புறப்படாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் எழுந்து ஓட்டப்போகிறவர் யார்? ஆரம்ப உற்சாகம் அடங்கி ஒன்றரை ஆண்டு கழிந்தபின் டீசலுக்கும் டயருக்கும் பணம் எங்கிருந்து வரும்? இந்த இரண்டுக்கும் பெயரோடும் தொகையோடும் பதில் இருந்தால் மற்றவை எல்லாம் செய்து முடிக்கக்கூடியவையே.

முதலில் ஊரிடம் கேளுங்கள்

கொழும்பில் உட்கார்ந்து ஊரின் தேவையைக் கணக்கிட முடியாது. இரண்டு பேர் ஒரு வார விடுமுறையில் போய், தோட்ட மருந்தகத்தில் இருப்பவர், அந்தப் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி, இரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் ஓட்டோக்காரர்கள், மாதர் சங்கத்துப் பெண்கள் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும். கடந்த ஓராண்டில் யார் யாரை, எந்த நேரத்தில், எதில் ஏற்றி, எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓட்டோக்காரர்களின் நினைவு இதில் மிகவும் உதவும். எந்த வளைவில் ஓட்டோ ஏறாமல் நின்றது, எந்தப் பாலத்தில் மழை நாளில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அப்படி எழுதிப் பார்த்தால் பயணங்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும். உயிர் ஆபத்தான அவசரம் ஒன்று. பிரசவம் ஒன்று. சிறுநீரக நோய், புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றுக்காகத் திரும்பத் திரும்ப கிளினிக் போகிறவர்கள் இன்னொன்று. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பப்பட்டு, பஸ்ஸில் உட்கார முடியாத நிலையில் வீடு திரும்புகிறவர்கள் மற்றொன்று. கடைசி இரண்டு வகையையும் ஊர் "அவசரம்" என்று சொல்வதில்லை. ஆனால் நாட்சம்பளக் குடும்பம் ஒன்றைக் கடனில் தள்ளுவது அந்தப் பயணங்களின் வாடகைதான்.

1990 இருக்கும்போது நாம் எதற்கு?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அவசர அம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு ஆரம்பமானது. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் அதை மற்ற மாகாணங்களுக்கும் விரிவாக்குவதாக அறிவித்தார். பின்னர் 209 வண்டிகள் சேர்ந்து எண்ணிக்கை 297 ஆனது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதற்கென ஒரு மன்றத்தை அமைத்தது. சேவை முற்றிலும் இலவசம், தமிழிலும் பேசலாம், வண்டியில் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் வருவார். எந்தத் தோட்டச் சங்கமும் இதற்கு ஈடாக ஒன்றை நடத்திவிட முடியாது, நடத்த முயலவும் கூடாது.

ஆனால் நாட்டின் சனத்தொகையை 297ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு வண்டிக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல் வருகிறது. நகரத்தில் அந்தக் கணக்கு ஒருவாறு தாங்கும். பிரதான வீதியிலிருந்து பிரிந்து தேயிலை மலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் கிரவல் பாதையின் முடிவில் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இருந்தால், வண்டி வரும் நேரம் கூடும். வந்தாலும் லயத்து வாசல்வரை ஏறாது. நம்முடைய வேலை அந்த இடைவெளியில் இருக்கிறது. நோயாளியைத் தூக்கிப் பாதுகாப்பாக வீதிக்குக் கொண்டுவருவது, 1990 வண்டியைப் பாதி வழியில் சந்தித்து ஒப்படைப்பது, அது வேறோர் அழைப்பில் இருக்கும்போது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு நாமே கொண்டுபோவது, கிளினிக் நோயாளிகளை ஏற்றி இறக்குவது. அவசரம் என்றால் முதல் அழைப்பு 1990க்கு, அடுத்தது நமக்கு. இந்த ஒழுங்கை ஊரின் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள்.

பதிவும் பத்திரங்களும்

நலன்புரிச் சங்கமாக இயங்குகிறவர்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். இன்னும் உறுதியான அமைப்பு வேண்டுமானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். எதுவானாலும் வண்டி சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். "இப்போதைக்குத் தலைவர் பெயரில் எழுதுவோம், பிறகு மாற்றுவோம்" என்ற யோசனை கூட்டத்தில் எழுந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ஒருவர் பெயரில் எழுதிய ஊர்ச் சொத்து, அவர் காலமான பிறகு வாரிசுகளின் வழக்காகும்.

தனியார் வைத்திய நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். தனியார் அம்புலன்ஸ் சேவைகளும் அதன் ஒழுங்குறுத்தல் சபையின் கீழ் வருகின்றன. கட்டணம் வாங்காவிட்டாலும், உங்கள் சேவைக்கு என்ன பொருந்தும் என்று அந்தச் சபையிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையிலும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள். சைரனும் சுழல் விளக்கும் பொருத்துவதற்கு முன்பு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி எந்த வகையில் பதியப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வானாகப் பதிந்ததை அம்புலன்ஸாக ஓட்டினால், விபத்து நேரும்போது காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு கடிதம் தேவை. தோட்டப் பாதைகளில் சங்கிலி போட்டுப் பூட்டுகிற இடங்கள் உண்டு. இரவில் சாவி யாரிடம் இருக்கும், காவல்காரர் பெயர் என்ன, மாற்றுச் சாவி ஒன்று நம் சாரதியிடம் இருக்கலாமா என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்.

வண்டி

வண்டியைப் பற்றித்தான் கூட்டங்களில் நீண்ட நேரம் பேசுவார்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊருக்குப் பக்கத்து நகரத்தில் எந்த வண்டிக்கு உதிரிப்பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைக்கிறதோ, அந்த வண்டியை வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் அது ஜப்பானிய வான் ஒன்றாக இருக்கும். நீளம் கூடிய வண்டி ஸ்ட்ரெச்சருக்கு வசதி என்றாலும் கொண்டை ஊசி வளைவில் ஒரே தடவையில் திரும்பாது. ஆகவே விலை பேசுவதற்கு முன் அந்த வண்டியையோ அதே நீளமுள்ள வாடகை வண்டியையோ ஊர்ப் பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிரேக், கிளட்ச், டயர் ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருகிறவரை விட, தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியில் இறக்குகிற சாரதியின் கையில் வண்டியும் நோயாளியும் பத்திரமாக இருப்பார்கள்.

சாரதி

இந்தச் சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம். ஒருவர் வாரத்துக்கு 48 மணித்தியாலம் வேலை செய்தால், எந்நேரமும் ஆள் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். "எங்கள் ஊரில் ஓட்டத் தெரிந்த பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்பது இதற்குப் பதிலாகாது. தெரிந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றால், குறிப்பிட்ட ஒரு இரவுக்குப் பொறுப்பான ஒருவர் இல்லை என்றுதான் பொருள்.

நடைமுறையில் பொருந்திவருகிற ஏற்பாடு இது: சம்பளத்துக்கு ஒரு முழுநேரச் சாரதி, அவரோடு முறை போட்டு மாறக்கூடிய மூன்று நான்கு பேர். அந்த மூன்று நான்கு பேரை ஊர் ஓட்டோக்காரர்களிடமிருந்து எடுப்பது நல்லது. பாதை அவர்களுக்குப் பழக்கம், இரவு விழிப்பும் பழக்கம். அதோடு அம்புலன்ஸ் வந்தால் தங்கள் வருமானம் போய்விடுமோ என்ற அச்சத்தையும் அது நீக்கும். காத்திருக்கும் இரவுக்கு ஒரு தொகை, ஓடிய இரவுக்கு ஒரு தொகை என்று கொடுங்கள். முழுநேரச் சாரதிக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கான 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சங்கம் கட்ட வேண்டும். நம் பெற்றோர் வாழ்நாளெல்லாம் எந்த உரிமைக்காகப் போராடினார்களோ, அதை நம் சங்கமே ஒரு தொழிலாளிக்கு மறுக்கக் கூடாது.

யாரைத் தெரிவு செய்வது? சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு வண்டிக்குப் பொருந்த வேண்டும், கண்பார்வையும் உடல்நிலையும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், குடிப்பழக்கம் அறவே இருக்கக் கூடாது. திருவிழா இரவிலும் தீபாவளி இரவிலும் முறைக்காரர் வாய் நனைக்காமல் இருப்பார் என்ற நம்பிக்கை ஊருக்கு வேண்டும். வேகமாக ஓட்டுகிறவர் என்று பெயரெடுத்தவரை நான் சேர்க்கமாட்டேன். மலைப்பாதையில் வேகத்தால் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். அந்த வேகத்தில் பின்னால் படுத்திருப்பவர் வாந்தியெடுத்து மூச்சுத் திணறினால், அருகில் இருக்கும் உதவியாளரால் நின்றுகொண்டு எதையும் செய்ய முடியாது.

இரவில் ஓடியவர் மறுநாள் காலையில் கிளினிக் பயணத்துக்காகக் கொழும்புக்கு ஓட்டக் கூடாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அந்த வளைவுகளில் தூக்கக் கலக்கத்தோடு வருவது, யாரைக் காப்பாற்றப் புறப்பட்டோமோ அவர்களையே ஆபத்தில் ஏற்றிச் செல்வதாகும். இதை ஒரு விதியாக எழுதிச் சாரதியிடம் கையொப்பம் வாங்குங்கள். மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்று அதிலேயே எழுதுங்கள்.

எந்நேரமும் ஆள் வைக்க முடியாவிட்டால், முடிந்த நேரத்தை மட்டும் அறிவியுங்கள். "மாலை ஆறு முதல் காலை ஆறு வரை" என்று சொல்லி அதைத் தவறாமல் காப்பாற்றும் சேவையை ஊர் நம்பும். எந்நேரமும் வரும் என்று சொல்லிச் சில நேரம் வராமல் போகும் வண்டி, 1990ஐ அழைத்திருக்க வேண்டிய நேரத்தையும் தின்றுவிடும்.

உடன் செல்பவர்

சாரதி தனியாக நோயாளியை ஏற்றி வரக் கூடாது. பின்னால் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெண் உதவியாளர்களும் முறையில் இருப்பது அவசியம். பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு அருகில் ஒரு பெண் இருப்பதே பெரிய ஆறுதல். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. இரண்டுக்கும் கொழும்பில் தலைமையகம் இருப்பதால், விண்ணப்பம், திகதி, தமிழில் கற்பிப்பவரை ஏற்பாடு செய்வது ஆகியவை கொழும்பில் இருக்கும் நம்மவர்களின் வேலை. ஒருமுறை படித்தது போதாது. நெஞ்சை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் ஐந்து சென்டிமீற்றருக்குக் குறையாமல், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பதைக் கை மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையணையை வைத்தாவது பழகுங்கள்.

எல்லையையும் தெளிவாக வரையுங்கள். ஊசி போடுவது, சேலைன் ஏற்றுவது, மாத்திரை கொடுப்பது ஆகியவை தகுதி பெற்றவர்களுக்கு உரியவை. ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரை ஆலோசகராகக் கேட்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

மலையகத்தில் இரண்டு சந்தர்ப்பங்களை அவரிடம் விரிவாகப் பேச வேண்டும். முதலாவது குளவிக் கொட்டு. கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து ஒரே நேரத்தில் பலர் கொட்டுக்கு ஆளாவார்கள். சிலருக்கு வலியோடு போய்விடும். சிலருக்கு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் சில நிமிடங்களில் விழுந்துவிடும். அவர்களுக்குத் தேவை தொடைத் தசையில் போடும் அட்ரினலின். தோட்ட மருந்தகத்தில் அது இருக்கிறதா, அதைப் போடத் தகுதியுள்ளவர் அன்று வேலையில் இருக்கிறாரா என்பதைத் தெரிந்து வையுங்கள். மயக்கம் வருகிறவரை எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சுத் திணறுகிறவரைச் சாய்ந்து உட்கார விடுங்கள். பலர் பாதிக்கப்பட்டால் அழுகிறவரை முதலில் ஏற்றத் தோன்றும். பேச்சு நின்றவரைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது பிரசவம். மருத்துவிச்சியின் உதவியோடும் தாய்மாரின் சம்மதத்தோடும், அடுத்த மாதத்தில் பிரசவத் திகதி உள்ளவர்களின் பட்டியலை வைத்திருங்கள். தூரப் பிரிவுகளில் இருப்பவர்களை மழைக்காலத்தில் வலி வரும்வரை காத்திருக்க வைக்காமல், வைத்தியரின் ஆலோசனைப்படி முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த நள்ளிரவு ஓட்டத்தையும் விடச் சிறந்தது. வண்டியில் அவரை இடப்பக்கம் சரிந்து படுக்க வையுங்கள்.

வண்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

ஸ்ட்ரெச்சர், கைப்பிடியுள்ள தூக்குத் துணி, படி இறக்கும் நாற்காலி, கழுத்துப் பட்டி, கை கால் அசையாமல் கட்டும் மட்டைகள், காயக்கட்டுத் துணிகள், இரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி, சீனி பார்க்கும் கருவி, சளி உறிஞ்சும் கருவி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, பிரசவப் பொதி, கையுறை, வாந்திப் பைகள், இரண்டு நல்ல டோர்ச், கம்பளிகள். மலையில் மழையில் நனைந்து வருகிறவருக்கு உலர்ந்த கம்பளியும் மருந்துதான்.

ஒட்சிசனை மட்டும் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். ‘ஈ’ (E) என்ற அளவு உருளையில் ஏறக்குறைய 680 லீற்றர் இருக்கும். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் கொடுத்தால் 68 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கால்வாசியைக் கையிருப்பாக ஒதுக்கினால் நம்பக்கூடியது ஐம்பது நிமிடம். உங்கள் ஊரிலிருந்து வைத்தியசாலைக்கு மழை இரவில் ஒன்றரை மணித்தியாலம் ஆகுமானால், ஒரே ஓர் உருளையோடு புறப்படுவது பாதி வழியில் கைவிடுவதற்குச் சமம். முறை மாறும்போது உருளையில் உள்ள அழுத்த அளவியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது கட்டாயம். உருளையைப் பட்டியால் இறுகக் கட்டுங்கள், வண்டிக்குள் யாரும் புகைக்க அனுமதிக்காதீர்கள்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வண்டியைக் கழுவ வேண்டும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 வீதக் குளோரின் கரைசல். இருமலோடு வந்தவரை இறக்கிய பின் கதவு, ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள்.

அழைப்பு வந்ததும்

ஒரே ஒரு தொலைபேசி இலக்கம். அது சாரதியின் சொந்த இலக்கமாக இருக்கக் கூடாது. முறையில் இருப்பவரிடம் கைமாறும் சங்கத்தின் கைபேசியாக இருக்க வேண்டும். வலைத்தொடர்பு இல்லாத பிரிவுகள் எவை என்று முன்பே பார்த்து, அங்கே ஒரு வீட்டை "தகவல் வீடு" என்று ஏற்படுத்துங்கள்.

இடம் சொல்வதில்தான் நேரம் போகும். தோட்டத்துக்குப் பதிவில் ஒரு பெயர், மக்கள் வாயில் இன்னொரு பெயர். தோட்டப் பிரிவுகளை மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று சொன்னால் ஊருக்குப் புரியும், 1990இல் பேசுகிறவருக்குப் புரியாது. ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இலக்கம் எழுதி, கோயிலடி, கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம், பாலம் என்று அடையாளங்களைக் குறித்து ஒரு வரைபடம் செய்யுங்கள். அதே தாளில் பதிவுப் பெயர், பிரதான வீதியில் திரும்ப வேண்டிய சந்தி, அங்கிருந்து தூரம் ஆகியவை இருக்கட்டும். அழைப்பவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும். அப்போதும் பிரதான வீதிச் சந்தியில் ஒரு பையன் டோர்ச்சோடு நிற்பது நல்லது.

லயத்திலிருந்து வீதிவரை

இதை யாரும் புத்தகத்தில் கற்றுத் தருவதில்லை. லயங்களுக்கு இடையிலான கற்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, அகலமும் இருக்காது. சக்கர ஸ்ட்ரெச்சரை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை. அதை வீதியிலேயே விரித்து வைத்துவிட்டுத் தூக்குத் துணியோடு ஏறுங்கள். தூக்க நான்கு பேர், முன்னால் விளக்குப் பிடிக்க ஒருவர். விளக்கு தூக்குகிறவர்களின் கண்ணில் படாமல் அவர்களின் காலடியில் விழ வேண்டும். அந்த முன்னவர் ஒவ்வொரு படிக்கும் "படி", "வழுக்கல்", "திருப்பம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின்னோக்கிப் பார்த்து இறங்குவார். இறங்கும்போது நோயாளியின் கால் முன்னே வரும், ஏறும்போது தலை முன்னே போகும். இரண்டிலும் தலை எப்போதும் உயரத்தில் இருக்கும். தலைப்பக்கம் பிடிப்பவர்தான் நோயாளியோடு பேசிக்கொண்டு வருவார், "நில்" என்று சொல்லும் உரிமையும் அவருக்கே. இடையில் கைமாற்ற வேண்டுமானால் துணியைத் தரையில் வைத்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

கூட்டம் கூடும். எல்லோரும் கைகொடுக்க வருவார்கள். எட்டுப் பேர் பிடித்தால் யார் காலை யார் மிதிக்கிறார் என்று தெரியாது. அவர்களைத் திட்டாதீர்கள், வேலை கொடுங்கள். ஒருவர் நோயாளியின் கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் எடுத்து வரட்டும், ஒருவர் வாசல் நாயைப் பிடிக்கட்டும், ஒருவர் வீட்டில் தனித்துவிடும் பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். மலைச்சரிவிலோ மரத்திலிருந்தோ விழுந்தவரை மட்டும் பயிற்சி பெற்றவர்கள் வந்து கழுத்தையும் முதுகையும் நேராகத் தாங்கும்வரை யாரும் அசைக்கக் கூடாது.

எங்கே கொண்டுபோவது

மிக அருகிலுள்ள, தேவையான வசதியுள்ள அரச வைத்தியசாலைக்கு. அவசர நோயாளியை நேரே கொழும்புக்குக் கொண்டுவாருங்கள் என்று இங்கிருந்து உறவினர் தொலைபேசியில் வற்புறுத்துவார்கள். கேட்காதீர்கள். டிக்கோயாவோ நுவரெலியாவோ முதலில் பார்த்து நிலைப்படுத்தட்டும். கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்ற வேண்டுமானால் வைத்தியர்கள் தீர்மானித்து, வைத்தியசாலையின் வண்டியில் அனுப்புவார்கள். பக்கவாதத்துக்குக் கடிகாரம் மிக முக்கியம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்டு நேரத்தை எழுதிக்கொண்டு புறப்படுங்கள்.

பணம்

செலவை இரண்டாகப் பிரியுங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது சம்பளம், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தொலைபேசி. ஓடினால் வருவது டீசல், டயர், சேர்விஸ், ஒட்சிசன் நிரப்பல். முதல் வகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வங்கி நிலையான கட்டளை மூலம் மாதந்தோறும் வர வைக்க வேண்டும். கொழும்பில் வேலை மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால், பத்துப் பேரில் மூன்று பேர் தராமல் போனாலும் நடக்கும் தொகையாக அது இருக்கட்டும். ஆறு மாதச் செலவு கையில் சேராமல் சேவையைத் தொடங்காதீர்கள். வண்டியும் ஒருநாள் தேயும். அடுத்த வண்டிக்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள்.

2022இல் எரிபொருள் வரிசையும் பிறகு கியூஆர் பங்கீடும் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அருகிலுள்ள எரிபொருள் நிலையத்துடனும் பிரதேச செயலகத்துடனும் அத்தகைய நாட்களுக்கான ஏற்பாட்டை எழுத்தில் வைத்திருங்கள். தாங்கி பாதிக்குக் கீழே இறங்கினால் அன்றே நிரப்புங்கள்.

நோயாளியிடம் பணம் வாங்கலாமா? அவசரத்துக்கு ஒரு சதமும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிளினிக் பயணத்துக்கு, கொடுக்க முடிந்தவர்கள் டீசல் பங்கைக் கொடுக்கலாம். அதையும் பற்றுச்சீட்டோடு சங்கத்தின் கணக்கில் கட்டட்டும். சாரதியின் கையில் காசு புரளும் ஏற்பாடு அவரையும் கெடுக்கும், சங்கத்தையும் கெடுக்கும். மாதக் கணக்கைக் கோயில் மண்டபத்திலும் கொழும்புக் கூட்டத்திலும் ஒரே நாளில் ஒட்டுங்கள்.

கொழும்பில் நாம் செய்ய வேண்டியது

பணம் அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ ஒரு தாய் வந்து இறங்கும்போது, அவருக்குச் சிங்களம் தெரியாவிட்டால் வரிசை எது, இலக்கம் எப்போது கூப்பிடுவார்கள், அடுத்த திகதி எது என்று தடுமாறுவார். சிங்களம் நன்றாகப் பேசுகிற இளைஞர்களைக் கொண்டு ஒரு முறைப்பட்டியல் போடுங்கள். அதிகாலையில் கிளினிக் வாசலில் ஒருவர் நிற்கட்டும். வைத்தியர் சொன்னதை அவர் தமிழில் ஒரு தாளில் எழுதி, மருந்து எந்த வேளைக்கு எத்தனை என்று குறித்து, கொப்பியோடு இணைத்துக் கொடுக்கட்டும். அந்தத் தாள் ஊருக்குப் போய் மருத்துவிச்சி கையிலும் பயன்படும். தங்க வேண்டியவர்களுக்கு ஓர் அறையும், காலை உணவும், திரும்பும் பயணத்துக்கு இடமும் ஏற்பாடு செய்தால், பாதியில் சிகிச்சையைக் கைவிடுகிறவர்கள் குறைவார்கள்.

மறுக்க வேண்டியவை

பிரேதம் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். துக்க வீட்டில் மறுப்பது கடினம். ஆனால் அந்த நேரத்தில் அடுத்த அழைப்பு வந்தால் போக வண்டி இருக்காது. அதற்கு வேறு வாகனத்தைக் காட்டிக் கொடுங்கள். வீட்டில் திடீரென இறந்தவராக இருந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் தெரிவித்து, திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்வரை உடலை அசைக்காதிருப்பதே முறை. தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியும் வண்டியில் படம் ஒட்ட இடம் கொடுக்காதீர்கள். கொடையாளர் பெயரும் வண்டியின் உடலில் வேண்டாம், அலுவலகச் சுவரில் எழுதினால் போதும். நோயாளியின் படம் எந்த வட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது. நன்கொடை திரட்டுவதற்காகக்கூட வேண்டாம்.

ஒத்திகை

இலக்கத்தை ஊருக்கு அறிவிப்பதற்கு முன், மழை பெய்கிற ஓர் இரவில், முறையில் இருக்கும் சாரதிக்கும் உதவியாளருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், மிகத் தூரத்து லயத்திலிருந்து ஓர் அழைப்பு விடச் சொல்லுங்கள். உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்கட்டும். தொலைபேசி அடித்த நேரம், சாரதி எழுந்த நேரம், சங்கிலி திறந்த நேரம், படிகளைக் கடந்த நேரம், வைத்தியசாலை வாசலுக்கு வந்த நேரம் ஆகியவற்றை ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். வைத்தியசாலைக்கும் அருகிலுள்ள பொலிஸுக்கும் இது பயிற்சி என்று முன்பே அறிவித்திருங்கள். எங்கே தாமதம் விழுந்தது என்று மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்து, அதைச் சரிசெய்து, இன்னோர் இரவில் வேறு லயத்திலிருந்து மறுபடி ஓடிப் பாருங்கள். அதன் பிறகு இலக்கத்தைக் கதவுகளில் ஒட்டலாம்.